பிரபுக்களை நம்பாதேயுங்கள்

(திருச்சபைக் குடும்ப நாளில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மேடையில் வீற்றிருக்கும் மதிப்பிற்குரிய போதகர் ஐயா அவர்களே, சபை மூப்பர்களே, பெண்கள் ஐக்கியத் தலைவி அம்மையார் அவர்களே, நம் அழைப்பை ஏற்று வந்திருக்கும் வசிப்போர் குழுத் தலைவர் அவர்களே, மற்றச் சமயங்களைச் சேர்ந்த நண்பர்களே, முன்வரிசையில் பொறுமையாக அமர்ந்திருக்கும் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளே, உங்கள் அனைவருக்கும் என் ஸ்தோத்திரங்கள். விடியுமுன்னே வந்து அடுப்பேற்றிய சகோதரிகளுக்கு இப்போதே நன்றி சொல்லிவிடுகிறேன். மறந்துபோனால் எனக்குச் சோறு கிடைக்காது.

நம்பிக்கையை எங்கே வைப்பது, ஆளுவோருக்கு எவ்வாறு கீழ்ப்படிவது, அவர்களுக்காக எப்படி ஜெபிப்பது என்ற மூன்றைப் பற்றியும் பேசுமாறு மூப்பர்கள் பணித்திருக்கிறார்கள். முதலாவதற்கு நம் முன்னோர் ஒரே வரியில் விடை சொல்லிவிட்டார்கள்: மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கலாமா? 20-ஆம் சங்கீதத்தைப் பாடியவரும் குதிரைகளைக் குறித்தே பேசுகிறார். சிலர் இரதங்களையும் சிலர் குதிரைகளையும் குறித்து மேன்மைபாராட்டுகிறார்கள், நாங்களோ கர்த்தருடைய நாமத்தைக் குறித்தே மேன்மைபாராட்டுவோம் என்கிறார்.

இந்தச் சிங்கப்பூர்த் தீவும் ஒரு காலத்தில் அப்படி மேன்மைபாராட்டியது. 1938-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் செம்பவாங்கில் பிரிட்டிஷாரின் மாபெரும் கடற்படைத் தளம் திறக்கப்பட்டபோது, இனி எந்தப் பகைவனும் நெருங்க முடியாது என்றார்கள். ஐரோப்பாவின் தென்முனையில் அவர்களுக்கிருந்த கோட்டையை நினைத்து, கிழக்கின் ஜிப்ரால்டர் என்று பெயரும் சூட்டினார்கள். கடலை நோக்கிப் பெரும் பீரங்கிகளை நிறுத்தினார்கள். 1941-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் தேதி லண்டன் அனுப்பிய இரண்டு போர்க்கப்பல்கள் வந்து சேர்ந்தன. அவற்றுள் பெரியதன் பெயர் என்ன தெரியுமா? பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், அதாவது வேல்ஸின் பிரபு! “பிரபுக்களையும், இரட்சிக்கத் திராணியில்லாத மனுபுத்திரனையும் நம்பாதேயுங்கள்” என்று 146-ஆம் சங்கீதம் எச்சரித்திருக்க, நம்மை ஆண்டவர்கள் ஒரு பிரபுவையே கப்பலாக்கி அனுப்பி வைத்தார்கள். டிசம்பர் 10-ஆம் தேதி, குவாந்தான் கடற்பகுதியில், ஜப்பானிய விமானங்கள் அந்தப் பிரபுவையும் உடன் வந்த ரிப்பல்ஸ் கப்பலையும் மூழ்கடித்தன. 840 பேர் மாண்டார்கள். பிறகு எதிரி வடக்கேயிருந்து ஜொகூர் நீரிணையைக் கடந்து வந்தான். பிப்ரவரி 15, 1942, ஞாயிற்றுக்கிழமை, சீனப் புத்தாண்டு நாள்: அன்று மாலை புக்கிட் தீமா ஃபோர்டு தொழிற்சாலையில் பிரிட்டிஷ் படைத் தளபதி ஜெனரல் பெர்சிவல் ஜப்பானியரிடம் சரணடைந்தார். அந்த நாள்களில் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் காயம்பட்டோருக்கு மருத்துவமனையாகியிருந்தது. இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள், முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் கலந்த சுண்ணச்சாந்து பூசி எழுப்பிய ஆலயம் அது. கோட்டை என்று பேரெடுத்தது விழுந்தது, கைதிகள் கட்டியது இன்றும் நிற்கிறது. மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கலாமா?

அரசியலே வேண்டாம் என்று நான் சொல்வதாக வசிப்போர் குழுத் தலைவர் எண்ணிவிடக் கூடாது. இங்கே வாக்களிப்பது சட்டப்படி கட்டாயம். 2025-ஆம் ஆண்டு மே 3-ஆம் தேதி பொதுத் தேர்தலில் அந்தக் கடமையைச் செய்தோம். பிரசங்க பீடத்தில் கட்சி பேசாமலிருப்பதும் நமக்குப் பழக்கமானதே. 1990-இல் இயற்றப்பட்ட சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் அதைத்தான் எதிர்பார்க்கிறது. ஆனால் ஆராதனை முடிந்து தேநீர்க் கோப்பையைக் கையிலெடுத்ததும் நடப்பதென்ன? எந்தத் தலைவர் வந்தால் விடிவு பிறக்கும் என்று, நம்மில் பலருக்கு வாக்கே இல்லாத தமிழ்நாட்டுத் தேர்தலுக்காகக்கூடக் குரலை உயர்த்துகிறோம். அருகே பிள்ளைகள் நின்று, அப்பாவின் முகம் எந்தப் பெயரைக் கேட்டால் மலர்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஞாயிறு காலைப் பிரசங்கத்தைவிட அந்த முகமே அவர்களுக்கு அதிகம் கற்பிக்கிறது.

ஆகவே நான் பல மேடைகளில் சொல்லிவருவதையே இங்கும் சொல்கிறேன்: வீட்டில் இரவுதோறும் தமிழ் வேதாகமத்தைத் திறந்து, ஒரு சங்கீதத்தைப் பிள்ளையையே வாசிக்க வையுங்கள். எழுத்துக்கூட்டித் தடுமாறினாலும் திருத்த அவசரப்படாதீர்கள். பரதேசியையும் திக்கற்ற பிள்ளையையும் விதவையையும் கர்த்தர் காப்பாற்றுகிறார் என்று அதே 146-ஆம் சங்கீதம் பிற்பகுதியில் சொல்வதை, நாள் முழுதும் ஆங்கிலத்தில் படித்துவிட்டு வரும் பிள்ளை தன் பாட்டி ஜெபிக்கும் மொழியில் தானே வாசித்தறியட்டும். நம் ஞாயிறு பள்ளித் தமிழ் வகுப்பில் நாற்காலிகள் காலியாகக் கிடக்கின்றன. பக்கத்து ஆங்கில வகுப்பு நிரம்பியிருப்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆயினும் இந்த நாற்காலிகளைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

கீழ்ப்படிதலுக்கு ரோமர் 13-ஆம் அதிகாரமும், ஆளுவோருக்கான ஜெபத்துக்கு 1 தீமோத்தேயு 2-ஆம் அதிகாரமும் இருக்கின்றன. போதகர் ஐயா கடிகாரத்தைப் பார்ப்பதால் அவற்றை அவரிடமே ஒப்படைக்கிறேன். தமிழ் வகுப்புக்கான பெயர்ப்பதிவுத் தாள் வாசலருகே உள்ள மேசையில் இருக்கிறது. சாப்பாட்டு வரிசையில் நிற்பதற்கு முன் பெற்றோர் அங்கே ஒருமுறை போய்வாருங்கள்; பேனாவோடு நான் அங்கேயே நிற்பேன்.