நாற்பது பேர் ஒரே கூட்டமா, இருபது இருபதாய் இரண்டா?

நடுவர் அவர்களே! படைவீரர் பொம்மைகளை மேசையில் நகர்த்தி ஆடும் போர் விளையாட்டில் வெற்றி தருவது பெரும் படையணியே என்று எதிரணித் தலைவர் முழங்கிவிட்டு அமர்ந்தார். "நாற்பது பேர் சேர்ந்து நின்றால் எதிரிக்கு வயிறு கலங்கும்" என்றார். கலங்கும் ஐயா, முதல் சுற்று வரைக்கும்!

அந்த நாற்பது பேர் அணிக்கு ஹோர்டு என்று பெயர். நானும் ஹோர்டுப் பைத்தியம் பிடித்து அலைந்தவன்தான். நாற்பது எலும்புக்கூடுகளுக்கு ராத்திரி ராத்திரியாக வண்ணம் தீட்டி மேசையில் இறக்கினேன். இரண்டு காடுகளுக்கு நடுவே ஆறு அங்குல இடைவெளி. 20 மி.மீ. அடித்தட்டில் பத்துப் பேர் வரிசை என்றால் 200 மி.மீ. அகலம், ஏறக்குறைய எட்டு அங்குலம். வாசலில் சிக்கிய கட்டில் மாதிரி ஆட்டம் முழுக்க அங்கேயே நின்றார்கள். வண்ணம் மட்டும் அழகாக இருந்தது.

மேண்டிக் நிறுவனத்தின் கிங்ஸ் ஆஃப் வார் விதிகளை வைத்தே பேசுகிறேன். பெரும்பாலான காலாட்படைகளில் பத்துப் பேர் கொண்ட ட்ரூப்புக்கு 10 தாக்குதல் (அடிக்கும்போது உருட்டும் பகடைகளின் எண்ணிக்கை), இருபது பேர் ரெஜிமென்ட்டுக்கு 12, நாற்பது பேர் ஹோர்டுக்கு 25. "பார்த்தீர்களா, 25!" என்று அந்தப் பக்கம் கை தட்டுகிறார்கள். பொறுங்கள். பக்கவாட்டில் பாய்ந்தால் தாக்குதல் இரட்டிப்பு, முதுகில் பாய்ந்தால் மும்மடங்கு. என் ரெஜிமென்ட்டின் 12, விலாவில் 24 ஆகிறது, முதுகில் 36. உங்கள் ஹோர்டும் விலாவில் பாய்ந்தால் 50 ஆகுமே என்பீர்கள். ஆகும், எதிரி தூங்கிக்கொண்டிருந்தால்!

இப்போது என் பொறியைக் கேளுங்கள். ஹோர்டுக்கு நேர் எதிரே ஒரு ட்ரூப்பைத் தனியாக நிறுத்துகிறேன். ஆட்டக்காரர்கள் 'பதர்' என்று இளக்காரமாகச் சொல்கிற அணி. இடமும் வலமும் தள்ளி பக்கத்துக்கொரு ரெஜிமென்ட். ஹோர்டு பதரை அடிக்காவிட்டால் வழி அடைபட்டது. அடித்தால்? பதர் போகும், சரி. அடித்து முடித்த ஹோர்டு அப்படியே நின்றால் இரண்டு விலாவிலும் 24, 24, மொத்தம் 48. இடப்பக்கம் திரும்பிக்கொண்டால்? முகத்தில் 12, முதுகில் 36. கூட்டுங்கள் நடுவர் அவர்களே, அதுவும் 48! இந்த ஆட்டத்தில் அடிவாங்குகிறவன் தன் முறை வரும்வரை திருப்பி அடிக்கவும் முடியாது. மன உறுதிச் சோதனையில் உடைந்தால் நாற்பது பொம்மையும் ஒரே மூச்சில் பெட்டிக்குள். என்னுடையதில் ஒன்று உடைந்தாலும் இன்னொன்று மேசையில் நிற்கும்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஓர் அணிக்கு ஒரே மந்திரப் பொருள்தான். அதை இருபது பேருக்குக் கொடுப்பதைவிட நாற்பது பேருக்குக் கொடுத்தால் லாபம் அதிகம். படை சேர்க்கும்போது இரண்டு ரெஜிமென்ட்டுக்கு ஒரு ஹோர்டைவிடக் கூடுதல் புள்ளி செலவாவதும் உண்மை. கொடுக்கிறேன் ஐயா! கைப்பற்ற வேண்டிய இலக்குக் குறிகள் மேசையின் இரண்டு மூலையில் கிடக்கும்போது, என் ஆட்கள் இரண்டு மூலையிலும் நிற்பார்களே, அந்தக் கூடுதல் புள்ளி அதற்குத்தான்.

மணி அடித்துவிட்டீர்கள், அமர்கிறேன். எதிரணித் தலைவர் அடுத்து எழும்போது ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லட்டும்: பதரை அடித்த பிறகு உங்கள் ஹோர்டு எந்தப் பக்கம் திரும்பும்?