எக்கோ நார்மல் என்று வந்த பிறகும் மறுபடி எடுக்கச் சொல்வது ஏன்?

[திரையில்: ராயபுரத்தின் ஒரு தெரு, பிறகு எக்கோ அறை]

வணக்கம். சிறு வயதில் ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வு பழுதடைந்தவர்களும், செயற்கை வால்வு பொருத்திக்கொண்டவர்களும் வடசென்னையின் அரசு மருத்துவமனை ஓ.பி. வரிசையில் புதியவர்கள் அல்லர். அவர்களுக்குக் காய்ச்சல் விடாமல் நீடித்தால், அது இன்ஃபெக்டிவ் எண்டோகார்டைட்டிஸ், அதாவது இதய வால்வில் கிருமித் தொற்று, ஆக இருக்கலாம். எனவே மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்குவதற்கு முன்பாக, ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் ரத்தக் கல்ச்சரும், இதயத்தின் அல்ட்ராசவுண்ட் படமான எக்கோவும் எடுத்தாக வேண்டும். மாத்திரை முந்திக்கொண்டால் கல்ச்சரில் கிருமி சிக்காமல் போகக்கூடும்.

[திரையில்: துடிக்கும் மைட்ரல் வால்வு, அதன் இதழில் ஆடும் சிறு திரள்]

இதழின் நுனியில் ஆடுகிறதே, அது கிருமிகளும் தட்டணுக்களும் ரத்தத்தை உறையவைக்கும் ஃபைப்ரின் என்ற புரதமும் சேர்ந்த திரள். அது 10 மில்லிமீட்டரைத் தாண்டினால், உடைந்து மூளைக்கோ மண்ணீரலுக்கோ ரத்தத்தோடு போய் அடைக்கும் அபாயம் கூடுகிறது. இதழில் ஓட்டை விழுந்தாலோ, அதைத் தாங்கும் நாண் அறுந்தாலோ, ரத்த ஓட்டத்தை நிறங்களில் காட்டும் கலர் டாப்ளரில் ரத்தம் பின்னோக்கிப் பீறிடுவது தெரியும். திடீர் மூச்சிரைப்புக்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

இவை பெரும்பாலும் கண்ணில் பட்டுவிடும். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. தொற்று இதழைத் தாண்டி வால்வின் அடிவளையத்தில் புகுந்து சீழ் கட்டும்போது, தொடக்கத்தில் திசு சற்றே தடித்திருப்பதாக மட்டுமே படத்தில் தெரியும். மார்பின் மேல் கருவியை வைத்து எடுக்கும் எக்கோவில் இத்தகைய கட்டிகளில் ஏறத்தாழ பாதி தப்பிவிடுகின்றன. உலோக வால்வாக இருந்தால், அதன் நிழலே பின்னால் உள்ளதை மறைத்துவிடும்.

ஆகவேதான் தொண்டையை மரத்துப்போகச் செய்து, உணவுக்குழாய்க்குள் மெல்லிய கருவியைச் செலுத்தி, இதயத்தின் பின்புறமிருந்து பார்க்கிறார்கள். வெறும் வயிற்றோடு வர வேண்டும். கேட்கும்போது இருக்கும் பயம் செய்யும்போது அவ்வளவு இருப்பதில்லை. அதிலும் ஒன்றும் தெரியாமல் சந்தேகம் மட்டும் தீராவிட்டால், 5 முதல் 7 நாட்களுக்குள் மறுபடி எடுப்பதே முறை. வீண் அலைச்சல் என்று வீட்டார் சலித்துக்கொள்வது நியாயம்தான். ஆனால் கட்டி வளர்வதற்கும் நாள் பிடிக்கிறது.

[திரையில்: இரு ஈசிஜி தாள்கள், பக்கத்தில் பக்கம்]

அயோர்ட்டா வால்வை ஒட்டியே இதயத்தின் மின்பாதை செல்வதால், ஈசிஜியில் பி.ஆர். இடைவெளி, அதாவது மேலறையிலிருந்து கீழறைக்கு மின்துடிப்பு சேர எடுக்கும் நேரம், புதிதாக நீண்டால், அங்கே சீழ் பரவுகிறதா என்று உடனே எக்கோவில் தேட வேண்டும். பொதுவாக 4 முதல் 6 வாரம் ஊசி மருந்து ஏறும் அந்தக் காலத்தில், குறைந்த காய்ச்சல் திரும்பினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ, கை கால் இழுத்துக்கொண்டாலோ, அடுத்த ரவுண்ட்ஸ் வரை காத்திராமல் டியூட்டி டாக்டரிடம் அப்போதே சொல்லிவிடுங்கள்.