மருத்துவமனைக் கிருமிகளும் கைமாறும் மரபணுக்களும்

(தருமபுரியில் செவிலிய மாணவியரும் பொதுமக்களும் கூடியிருந்த அவையில் நுண்ணுயிரியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

"அந்த மருந்து என் உடம்புக்குப் பழகிவிட்டது, இனிக் கேட்காது" என்று நோயாளிகள் சொல்வதுண்டு. ஆன்டிபயாடிக் மருந்தைப் பொறுத்தவரை, அதைத் தாங்கப் பழகுவது உடம்பில் குடியிருக்கும் பாக்டீரியாதான். அதற்கு அந்த வலிமையைத் தருபவை சில மரபணுக்கள். அவை தாய்க் கிருமியிடமிருந்து சேய்க் கிருமிக்கு மட்டுமே போவதாக இருந்தால் நம் வேலை எளிதாக இருந்திருக்கும்.

பாக்டீரியாவின் குரோமோசோமுக்குப் புறத்தே, பெரும்பாலும் வளைய வடிவில் தனித்திருக்கும் சிறிய டி.என்.ஏ.வுக்கு 1952இல் அமெரிக்க மரபியலாளர் ஜோஷுவா லெடர்பெர்க் பிளாஸ்மிட் என்று பெயரிட்டார். இரு பாக்டீரியாக்கள் ஒட்டி நிற்கும்போது, எதிர்ப்பு மரபணுக்களைச் சுமக்கும் பிளாஸ்மிடின் நகல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்கிறது. இரண்டும் ஒரே இனமாக இருக்க வேண்டியதுகூட இல்லை. கைமாற்றாகப் பணம் கொடுத்தால் கொடுத்தவர் கையில் குறையும். இங்கே கொடுத்த கிருமியிடமும் மரபணு அப்படியே இருக்கிறது.

2008ஆம் ஆண்டு, புது தில்லியில் சிகிச்சை பெற்று ஸ்வீடன் திரும்பிய இந்திய வம்சாவளி நோயாளி ஒருவரின் சிறுநீரில், மற்ற ஆன்டிபயாடிக்குகள் கேட்காதபோது கொடுக்கும் கார்பபெனெம் மருந்துகளுக்கும் அடங்காத கிளெப்சியெல்லா பாக்டீரியா கண்டறியப்பட்டது. அதிலிருந்த மரபணுவுக்கே என்.டி.எம்-1 (நியூ டெல்லி மெட்டலோ-பீட்டா-லாக்டமேஸ்) என்று பெயர் வந்தது. அதே நோயாளியின் மலத்திலிருந்த ஈ. கோலை என்னும் வேறொரு பாக்டீரியாவிலும் அந்த மரபணு இருந்தது என்பதுதான் நாம் உற்றுநோக்க வேண்டிய செய்தி. 2010இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமியும் பிற நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து வெளியிட்ட கட்டுரை, சென்னை, ஹரியானா நோயாளிகளிடமும் அது பரவியிருந்ததைக் காட்டியது. ஊர்ப்பெயரைச் சூட்டியதற்கு எழுந்த கூச்சல் மரபணுவைப் பற்றி எழவில்லை என்பது என் தனிப்பட்ட வருத்தம்.

இந்த மரபணு உருவாக்கும் நொதி, துத்தநாக அயனிகளின் துணையோடு, பென்சிலின் முதல் கார்பபெனெம் வரையிலான மருந்துகளில் இருக்கும் பீட்டா-லாக்டம் வளையத்தை உடைத்துவிடுகிறது. ஆய்வகத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கிருமி பூசிய தட்டில் மருந்து தோய்ந்த காகித வில்லைகளை வைத்து ஓர் இரவு விட்டால், வேலை செய்யும் மருந்தைச் சுற்றித் தெளிந்த வட்டம் தெரியும்; என்.டி.எம். உள்ள கிளெப்சியெல்லாவோ பல வில்லைகளின் விளிம்புவரை சளிபோல் பளபளத்து வளர்ந்து நிற்கும். ஒரே பிளாஸ்மிடில் பல மருந்துகளுக்கான எதிர்ப்பு மரபணுக்கள் சேர்ந்திருப்பதால், அவற்றுள் ஏதேனும் ஒரு மருந்தைத் தேவையின்றிக் கொடுத்தாலும் அத்தனை மரபணுக்களும் கூடவே பிழைத்துக்கொள்கின்றன.

மருந்துக் கடைக்காரரைக் குறை சொல்வது நமக்கு எளிது. நாட்டின் மருந்து விதிகளில் 2014 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள எச்-1 அட்டவணை, குறிப்பிட்ட மருந்துகளை வாங்குபவரின் பெயரையும் எழுதித்தந்த மருத்துவரின் பெயரையும் பதிவேட்டில் எழுதச் சொல்கிறது. அது நடக்க வேண்டும். ஆனால் செவிலியராகப் போகிற உங்களிடம் நான் பேச விரும்புவது வார்டில் இருக்கும் கைகழுவும் தொட்டியைப் பற்றி. அதன் கீழுள்ள வளைகுழாயில் எப்போதும் நீர் தேங்கி, உட்சுவரில் வழுவழுப்பான படலம் படிகிறது. பல இனக் கிருமிகள் அங்கே நெருங்கி வாழ்கின்றன. மீந்த குளுக்கோஸையும் டீயையும் அதில் கொட்டினால் அவற்றுக்கு உணவாகிறது. மீந்த ஊசிமருந்தைக் கொட்டினால் எதிர்ப்பு மரபணு உள்ளவை மட்டும் தப்பிப் பெருகுகின்றன. குழாய் நீர் நேராக வடிகாலின் வாயில் விழுந்தால் அங்கிருந்து தெறிக்கும் துளிகள் அருகில் வைத்த தட்டிலும் சிறுநீர்க் குழாயிலும் படுகின்றன. ஆகவே அந்தத் தொட்டி கை கழுவுவதற்கு மட்டுமே; ஊசிமருந்து கலக்கும் மேசை அதன் பக்கத்தில் இருக்கலாகாது.

நம் பகுதிக்கென்று இன்னொன்றும் உண்டு. பென்னாகரத்திலிருந்தும் அரூரிலிருந்தும் தருமபுரிக்கு வரும் நோயாளி இங்கிருந்து சேலத்துக்கு அனுப்பப்படுகிறார்; கிருஷ்ணகிரி, ஓசூர்க்காரரானால் பெங்களூருக்கு அனுப்பப்படுகிறார். அப்படிப் போகிறவருக்குக் காய்ச்சல் தணிந்த பிறகும் எதிர்ப்புக் கிருமி குடலில் பல மாதங்கள் தங்கக்கூடும். ஆகவே முதல் டோஸ் ஆன்டிபயாடிக் ஏற்றுவதற்கு முன்பே இரத்தம், சிறுநீர் மாதிரிகளை எடுங்கள். அதற்காக மோசமான நிலையில் உள்ளவருக்கு மருந்தைத் தாமதிக்க வேண்டாம். நோயாளி வேறு மருத்துவமனைக்குப் போகும்போது மாதிரியிலுள்ள கிருமியை வளர்த்து எந்த மருந்து கேட்கும் என்று சொல்லும் கல்ச்சர் அறிக்கையின் நகலையும் கூடவே அனுப்புங்கள். அறிக்கை வருவதற்குள் அவர் கிளம்பிவிட்டால், அங்குள்ள வார்டுக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.