ஒரு மாத உபயம்

அவையில் இருக்கும் பெரியோருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

பூட்டானின் தலைநகர் திம்புவுக்கு அருகே கபேசா என்ற ஊரில் சோக்கி மரபுக்கலைப் பள்ளி இருக்கிறது. 1999இல் தொடங்கியது. 'ஸோரிக் சூசும்' என்று அவர்கள் சொல்லும் 13 கலைகளில் ஓவியம், மரச்செதுக்கு போன்ற சிலவற்றை வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் கற்றுக்கொடுக்கிறார்கள். அந்தப் பள்ளிக்கு யாழ்ப்பாணத்திலிருந்து கைகொடுக்க வேண்டும் என்று கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

பூட்டான் பௌத்த நாடு என்பதால் சிலருடைய முகம் மாறுவது தெரிகிறது. புத்தர் என்றாலே நமக்கு நம்மைக் கேட்காமல் நம் காணியில் எழுந்த சிலைகள்தான் நினைவுக்கு வருகின்றன. காணி இழந்தவர்களின் கோபம் நியாயமானது. அதை விடச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கணக்கை இமயமலைப் பக்கம் தூரிகை பிடிக்கிற ஏழைப் பிள்ளையிடம் தீர்க்க முடியாது. அதோடு, கந்தரோடையில் இருக்கும் பழைய பௌத்தத் தூபிகள் இந்த யாழ்ப்பாண மண்ணில் எழுந்தவை. மணிமேகலைக்கு அமுதசுரபி கிடைத்த மணிபல்லவம் நயினாதீவுதான் என்று கொள்பவர்கள் பலர். பௌத்தம் தமிழருக்கு அந்நியமாக இருந்ததில்லை.

அங்கே துணியில் வரையும் பௌத்த ஓவியமான தங்கா எப்படி எழுகிறது தெரியுமா? பருத்தித் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, பசையும் வெள்ளைச் சுண்ணப்பொடியும் கலந்து பூசுவார்கள். காய்ந்ததும் வழவழப்பான கல்லால் இழை மறையும்வரை தேய்ப்பார்கள். பிறகு கோடுகள். புத்தரின் முகம் எவ்வளவு, தோள் எவ்வளவு என்று எல்லாவற்றுக்கும் அளவு உண்டு. சிலையின் உறுப்புகளுக்கு அளவு சொல்லும் நம் சிற்பிகளின் தாலக் கணக்கு தெரிந்தவர்களுக்கு இது புதிதாக இராது. கண் கடைசியில்தான். நம் கோயில் சிலைக்கு ஆசாரியார் கண் திறப்பதும் கடைசியில்தானே!

இந்தக் கை பழக வருடக்கணக்கில் ஆகும். முதலில் கனகாலம் பென்சிலும் அழிறப்பரும்தான். கூலிக்குப் போனால் அன்றைக்கே காசு. ஏழை வீட்டுப் பிள்ளை கலையை விடுவது இந்த இடத்தில்தான். இங்கேயும் அதுதான் நடக்கிறது. உளி பிடித்த குடும்பத்துப் பையன் கடையில் சம்பளத்துக்கு நிற்கிறான். அதனால் வர்ணம் வாங்கிக் கொடுப்பதைவிட, படிக்கிற காலம் முழுக்கச் சோறும் படுக்க இடமும் கொடுப்பதுதான் பெரிய உதவி என்பேன்.

"எங்கட பிள்ளையளுக்கே இல்லை, அங்கே எதற்கு?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். போருக்குப் பிறகு நம் பிள்ளைகள் எத்தனை பேர் முகம் தெரியாதவர்கள் அனுப்பிய காசில் படித்தார்கள்! அவர்கள் யாரும் நம் ஊரையோ சமயத்தையோ விசாரித்துவிட்டுத் தரவில்லை. இங்குள்ள பிள்ளைகளுக்குச் செய்வதைக் குறைக்க வேண்டாம். அதற்குப் பக்கத்தில் இதையும் வையுங்கள்.

திருவிழாவில் ஒவ்வொரு நாளையும் ஒவ்வொரு குடும்பம் உபயமாக எடுக்கிறோம். அதே மாதிரி ஒரு பிள்ளையின் ஒரு மாதச் சாப்பாட்டை ஒரு குடும்பம் எடுக்கட்டும். தனியாக முடியாவிட்டால் இரண்டு மூன்று வீடுகள் சேரலாம். கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற சொந்தங்களிடமும் சொல்லுங்கள்.

வாசலில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். போகும்போது உங்கள் பெயரையும் எந்த மாதம் என்பதையும் எழுதிவிட்டுப் போங்கள்.