மீனே இல்லாத தொட்டிக்கு 40 நாள் காவல்! கடல்நீர்த் தொட்டியைப் பக்குவப்படுத்துவது எப்படி?

வணக்கம் நண்பர்களே. இந்தக் கண்ணாடிக் குப்பியைக் கொஞ்சம் பாருங்கள்.

[திரையில்: சோதனைக் குப்பி, அருகிலிருந்து]

என் புதுத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீர். சோதனைச் சொட்டு மருந்தை விட்டு, குலுக்கி, ஐந்து நிமிடம் வைத்தேன். மஞ்சளாக இருந்தால் அம்மோனியா இல்லை என்று பொருள். இதுவோ வாழையிலைப் பச்சை! இதில் இன்று ஒரு மீனை விட்டால் அது பிழைக்காது. ஆனால் தொட்டியைப் பாருங்கள், தண்ணீர் பளிங்கு போல இருக்கிறது.

இந்தப் பளிங்கைப் பார்த்துத்தான் நான் முதல்முறை ஏமாந்தேன். தண்ணீர் தெளிந்தால் மீன் விடலாம் என்று கடையில் சொன்னார்கள். மூன்றாம் நாளே இரண்டு கோமாளி மீன்களை விட்டேன். ஐந்தாம் நாள் காலையில் இரண்டும் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. செவுள் மூடிகள் படபடவென்று அடித்தன, ஓரமெல்லாம் சிவந்திருந்தது. மாலைக்குள் இரண்டுமே போய்விட்டன. இந்தக் காணொளியை அதற்காகத்தான் எடுக்கிறேன்.

சாமான்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தொட்டி, தண்ணீரைச் சுழற்றும் பம்ப், கழிவை நுரையாக்கி வெளியேற்றும் ஸ்கிம்மர், விளக்கு, காய்ந்த பாறை, மணல். ஆர்ஓ தண்ணீரில் லிட்டருக்கு 35 கிராம் கடல் உப்புக் கலவை, அதாவது 200 லிட்டருக்கு 7 கிலோ. கலந்த தண்ணீரின் ஒப்படர்த்தி (நல்ல தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.025 காட்ட வேண்டும். சமையல் உப்பு வேண்டவே வேண்டாம், கடலில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் அதில் கிடையாது. நம் ஊர் வெயிலுக்கு ஹீட்டரைவிட மின்விசிறிதான் முக்கியம், தண்ணீர் 25, 26 டிகிரியில் நின்றால் நல்லது. ஆவியாகிக் குறைந்த அளவுக்கு உப்புக் கலக்காத ஆர்ஓ தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள். தூத்துக்குடி உப்பளத்தில் நடப்பதுதான் இங்கும் நடக்கிறது: தண்ணீர் போய்விடும், உப்பு தங்கிவிடும்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தயிருக்கு உறை ஊற்றத் தெரிந்தவர்களுக்கு இந்தத் தொட்டி புரிந்துவிடும்.

காய்ச்சிய பால் தானாகத் தயிராவதில்லை. ஒரு கரண்டி பழைய மோர் விட வேண்டும், அதிலுள்ள நுண்ணுயிர்கள் பெருக வேண்டும். புதுத் தொட்டியும் உறை ஊற்றாத பால்தான். மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் அழுகி அம்மோனியாவாகின்றன. அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் முதலில் குடியேற வேண்டும். நன்றாக நடக்கும் தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் ஒரு சிறு பாறைத்துண்டு கேட்டு வாங்கிப் போடுங்கள், அதுதான் உறை. கிடைக்காவிட்டால் பாட்டிலில் விற்கும் பாக்டீரியாவும் உதவும்.

ஆனால் மூன்று வித்தியாசங்கள் உண்டு. தயிர் நுண்ணுயிர்களுக்குப் பாலே உணவு, காலித் தொட்டியில் உணவு கிடையாது. அதனால் நாமே லிட்டருக்கு 2 மில்லிகிராம் கணக்கில் அம்மோனியா விடுகிறோம். ஆம், காலித் தொட்டிக்கு நாமே விஷத்தை ஊட்டுகிறோம்! அடுத்து, தயிர் நுண்ணுயிர்கள் ஒரே இரவில் பெருகிவிடும். இவை இரட்டிப்பாக அரை நாள், ஒரு நாள்கூட எடுத்துக்கொள்ளும். அதனால்தான் நான்கு முதல் ஆறு வாரம் ஆகிறது. மூன்றாவதாக, இங்கே இரண்டு பந்தி. முதல் பந்தி அம்மோனியாவைத் தின்று நைட்ரைட்டை விட்டுவைக்கும். இரண்டாம் பந்தி அந்த நைட்ரைட்டை உண்டு நைட்ரேட்டாக்கும். முதல் பந்தி எழுந்திருக்காமல் இரண்டாம் பந்திக்கு இலை போட முடியாதல்லவா? மூன்றாம் வாரத்தில் அம்மோனியா குறைந்து நைட்ரைட் உச்சத்தில் நிற்கும். பலர் அவசரப்பட்டு மீன் வாங்கப் போவது அந்த வாரத்தில்தான்.

தயிர்ச்சட்டியைக் கழுவாமல் வைத்தால் அதன் சுவரில் ஒட்டியிருப்பதே அடுத்த உறைக்குப் போதும் என்பார் என் பாட்டி. தொட்டியிலும் அப்படியே. இந்த நுண்ணுயிர்கள் பாறையிலும் மணலிலும்தான் ஒட்டி வாழ்கின்றன, தண்ணீரில் மிகக் குறைவு. தண்ணீரை மாற்றினால் அவை போய்விடாது. பாறையைக் குழாயடியில் கழுவினால், குளோரின் பட்டு எல்லாம் போச்சு.

ஓர் ஆச்சரியம் சொல்லட்டுமா? நன்னீர் மீனுக்கு நைட்ரைட் கொடிய விஷம், ரத்தத்தையே பழுப்பாக்கிவிடும். கடல் மீனை அது அந்த அளவுக்குத் தாக்குவதில்லை. செவுளில், உப்பின் ஒரு பகுதியான குளோரைடு நுழையும் வாசல் வழியாகத்தான் நைட்ரைட்டும் நுழைகிறது. கடல்நீரில் குளோரைடு கொட்டிக்கிடக்கிறது. பொங்கலுக்கு முதல் நாள் பேருந்து வாசலில் இடித்துக்கொண்டு நிற்கும் கூட்டத்தில், கடைசியாக வந்த ஒருவர் ஏற முடியுமா? அதே நிலைதான் நைட்ரைட்டுக்கு. அம்மோனியா கதை நேர்மாறு. கடல்நீரின் பிஎச், அதாவது காரத்தன்மை அளவு, 8.2 அளவில் இருப்பதால் அம்மோனியாவின் நச்சு வடிவம் இங்கே அதிகம்.

பாறை பற்றி ஒரு வேண்டுகோள். ராமேசுவரம், மண்டபம் கரையில் கிடக்கும் பவளப்பாறையைத் தயவுசெய்து எடுத்து வராதீர்கள். கற்பவளங்கள் அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு. சட்டம் இல்லாவிட்டாலும் கேட்பேன். சுண்ணாம்புக்காக வெட்டி வெட்டியே மன்னார் வளைகுடாவில் இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கியே போய்விட்டன. செயற்கைப் பாறையிலும் இதே நுண்ணுயிர்கள் குடியேறும். பண்ணையில் வளர்த்த பவளம் சட்டப்படி கிடைக்கும் நாடுகளில் இருக்கும் நண்பர்கள் அதை வாங்குங்கள்.

பக்குவம் வந்ததை எப்படி அறிவது? 2 மில்லிகிராம் கணக்கில் அம்மோனியா விடுங்கள். 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியம் காட்டினால் தயார். தேங்கிய நைட்ரேட்டைக் குறைக்கப் பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு ஒரே ஒரு மீனை விடுங்கள். மணலில் பழுப்புப் பாசி படர்ந்தால் பதற வேண்டாம், டயாட்டம்தான், சில வாரத்தில் அடங்கிவிடும்.

[திரையில்: இரண்டு குப்பிகள், ஒன்று பச்சை, ஒன்று மஞ்சள்]

இந்த மஞ்சள் குப்பி என் பழைய தொட்டியுடையது, பச்சைக் குப்பிக்கு இன்று 11ஆம் நாள். உங்கள் தொட்டிக்கு எத்தனையாவது நாள், குப்பி என்ன நிறம்? கீழே எழுதுங்கள், ஒவ்வொன்றையும் படித்துப் பதில் சொல்கிறேன்.