பிப்ரவரி மாதத்துக்கும் பணம் வேண்டும்

(கோத்தகிரியில் உணவு வங்கிக்கு நிதி திரட்ட நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும், அக்கா தங்கைகளுக்கும், கடையைப் பையனிடம் விட்டுவிட்டு வந்திருக்கும் வியாபாரிகளுக்கும், ஸ்டாண்டிலிருந்து நேராக வந்திருக்கும் ஓட்டுநர் தம்பிகளுக்கும் வணக்கம். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், பணம் கேட்கத்தான் வந்திருக்கிறேன். எவ்வளவு, எதற்கு என்பதை விட எந்த மாதத்துக்கு என்பதைத்தான் அதிகம் பேசப்போகிறேன்.

நம் மலை கொடுக்கத் தெரியாத மலை கிடையாது. 2009 நவம்பரில் மண் சரிந்து நாற்பது பேருக்கு மேல் போய்ச் சேர்ந்தார்களே, அப்போது தன் வீட்டுச் சுவர் விரிந்து கிடந்தவர்கள்கூட அடுத்த வீட்டுக்குச் சோறு வடித்துக் கொடுத்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியபோதும் அப்படித்தான். பேரிடர் வந்தால் யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை, கை தானாக நீளும். ஆனால் பிப்ரவரி மாதம் பேரிடர் கணக்கில் வராது. டிசம்பர் கடைசியிலிருந்து உறைபனி விழுகிறது, தேயிலைச் செடி கருகுகிறது, அது மறுபடி துளிர்த்துக் கோடை மழை பிடிக்கும் வரைக்கும் பறிக்க இலை குறைவு, இலை இல்லாவிட்டால் நாள் கூலிக்காரருக்கு வேலை இல்லை, சுற்றுலா சீசன் ஏப்ரலில்தான் என்பதால் லாட்ஜில் அறை கூட்டுகிற அக்காவுக்கும் அதுவரை வாரத்துக்கு இரண்டு நாள் வேலை கிடைத்தால் பெரிது. செய்தியில் வராத பசி இது. நமக்கு நன்கொடை வருவதோ தீபாவளிக்கும் பொங்கலுக்கும், அப்புறம் மே மாதம் வெளியூர்க்காரர்கள் வந்து போகும்போதும்.

ரேஷனில் அரிசி சும்மா கொடுக்கிறார்களே என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 2011 ஜூனிலிருந்து நம் மாநிலத்தில் அரிசி அட்டைக்கு அரிசி இலவசம். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். இந்த ஏற்பாடு இல்லையென்றால் நம்மைப் போல இருபது உணவு வங்கி இருந்தாலும் தாங்காது. ஆனால் அட்டைக்கு ஒரு கிலோ பருப்பு, ஒரு லிட்டர் எண்ணெய், அவ்வளவுதான். ஐந்து பேர் இருக்கிற வீட்டில் அது எத்தனை நாளைக்கு வரும்?

போன வருடம் பனிக்காலத்தில் ஒரு பாட்டி வந்தார். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். கட்டி வைத்திருந்த பையை வாங்கியவர் மேசை மேலேயே வைத்துப் பிரித்து, அரிசிப் பொட்டலத்தை மட்டும் எடுத்து எங்கள் பக்கம் தள்ளினார். "இது ரேஷன்ல வாங்கினதே வீட்ல கெடக்குது கண்ணு, வேற யாருக்காச்சும் குடு. பருப்பு இன்னொரு கால் கிலோ இருந்தா போடு. வெறும் ரசத்தையே எத்தன நாளைக்குத் திங்கிறது" என்றார். முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாய் வருகிறது அவருக்கு. அதில் மாத்திரை, கரண்ட், கேஸ் எல்லாம் ஆகவேண்டும். இப்போதெல்லாம் ஒவ்வொருவரையும் கேட்டுக் கேட்டுத்தான் பை கட்டுகிறோம். பருப்பு, எண்ணெய், முட்டை, ரவை, சர்க்கரை, சோப்பு, குழந்தை இருந்தால் பால் பவுடர். சந்தை விலையில் ஒரு பைக்கு ஏறக்குறைய 500 ரூபாய் வருகிறது. ஜார்க்கண்டிலிருந்து எஸ்டேட் வேலைக்கு வந்திருக்கும் குடும்பம் என்றால் அரிசியைவிடக் கோதுமை மாவு கேட்பார்கள், அதையும் வைக்கிறோம்.

அதனால்தான் பொருளாகத் தராமல் பணமாகத் தாருங்கள் என்கிறேன். அன்போடு அரிசி கொண்டுவருகிறீர்கள், அரிசி குவிகிறது, பருப்பு டப்பா காலியாக இருக்கிறது. பணம் கையில் இருந்தால் மேட்டுப்பாளையத்தில் மூட்டைக் கணக்கில் வாங்கலாம். நெடுகுளா பக்கத்து விவசாயிகள் தரம் பிரித்த பிறகு மிஞ்சும் சின்னக் கேரட்டை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள், இனாமாக. ஆனால் அதை இங்கே கொண்டுவர வண்டி வாடகை வேண்டுமே! மண்டபத்தில் மிஞ்சுகிற சாப்பாட்டைத் தரலாமா என்றும் கேட்டார்கள். சமைத்த உணவைக் கொடுப்பதற்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-இல் தனி விதிகள் போட்டிருக்கிறது, அதற்குத் தேவையான வசதி இப்போதைக்கு நம்மிடம் இல்லை.

உணவு வங்கி என்ற ஏற்பாடு முதலில் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரத்தில் 1967-இல், ஜான் வான் ஹெங்கல் என்பவர் முயற்சியில் தொடங்கியது. அதற்குச் சரியாக நூறு வருடம் முன்னால், 1867-இல், வடலூரில் வள்ளலார் தருமசாலையின் அடுப்பைப் பற்றவைத்துவிட்டார். அந்த அடுப்பு இன்றும் எரிகிறது. என்னை அசர வைப்பது அதைப் பற்றவைத்த நாள் அல்ல, அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு சாதாரண நாளும்தான், ஏதோ ஒரு ஊரிலிருந்து யாரோ ஒருவர் நெல்லோ அரிசியோ கொண்டுவந்து இறக்கிய நாட்கள்.

சரி, கணக்குக்கு வருகிறேன். 200 வீடுகள் மாதம் 100 ரூபாய் கொடுத்தால் 20,000 ரூபாய், அதாவது மாதம் தவறாமல் 40 பை. ஒருவரே மேடையில் 20,000 கொடுத்தாலும் கைகூப்பி வாங்கிக்கொள்வேன், ஆனால் அதை ஜனவரியிலிருந்து மார்ச் வரைக்கும் என்று தனியாக எடுத்து வைத்துவிடுவோம். பிள்ளையின் பிறந்தநாளுக்கோ அப்பாவின் திதிக்கோ அன்னதானம் செய்கிறவர்கள் அதே தொகையை ஒரு வருடம் பனிக்காலத்துக்குத் தந்து பாருங்கள்.

கொடுத்த பணம் எங்கே போனது என்று தெரிய வேண்டும் இல்லையா. பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி மாதம் மொய் விருந்து வைப்பார்கள். அங்கே புழங்குகிற பணத்துக்கெல்லாம் ஆதாரம் ஒரு நோட்டுதான், பத்து ரூபாய் என்றாலும் பெயரோடு எழுதுவார்கள். நம் நோட்டும் அப்படித்தான், யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம். கடைகளில் வைத்திருக்கும் உண்டியலை இரண்டு பேர் சேர்ந்துதான் திறப்பார்கள், தொகையை அன்றைக்கே வாசல் பலகையில் எழுதிவிடுவோம். வருமான வரிச் சலுகைக்கான 80ஜி ரசீது வேண்டுமென்றால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தராதீர்கள், யுபிஐயிலோ காசோலையிலோ கொடுங்கள். புதிய வரி முறைக்கு மாறியவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் கேட்கிறவர்கள் ஒன்று கவனியுங்கள்: இந்தியக் குடியுரிமையோடு இருப்பவர் தன் சேமிப்பிலிருந்து அனுப்பலாம், அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவரிடம் நாம் வாங்க முடியாது, அதற்கு நம்மிடம் இல்லாத தனிப் பதிவு வேண்டும்.

இன்னொன்று. கொடுக்கிற கையும் வாங்குகிற முகமும் தெரிய படம் எடுத்துப் போட்டால் பணம் இரண்டு மடங்கு வரும் என்று நல்ல எண்ணத்தோடுதான் சிலர் யோசனை சொன்னார்கள். அந்தப் பணம் நமக்கு வேண்டாம். ஊர் சின்னது. பை வாங்கிப் போகிற அக்காவின் மகள் நாளைக்கு உங்கள் மகளோடு ஒரே பெஞ்சில் உட்காருவாள். எவ்வளவு நெருக்கடி வந்தாலும் இதில் நான் இறங்கி வரமாட்டேன், குழுவில் இருக்கிறவர்களும் அப்படித்தான்.

டீ வருகிறது, குடித்துவிட்டுப் போங்கள். பெயர் கொடுக்கிறவர்கள் எந்தத் தேதிக்குப் பணம் தருவீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், சம்பளக்காரருக்கு ஒன்றாம் தேதி சரி, தேயிலை ஃபேக்டரிக்கு இலை போடுகிறவருக்கு அந்தப் பணம் வந்த பிறகுதான் முடியும், அது எங்களுக்குத் தெரியும். வரும் ஞாயிறு காலை உண்டியல்களைத் திறக்கிறோம். எண்ணுவதற்கு இரண்டு பேர் வேண்டும், குழுவில் இல்லாதவர்களாக இருந்தால் நல்லது.