படம் போனில் இருக்கிறது, கம்ப்யூட்டரில் இல்லை

நேயர்களுக்கு வணக்கம். மே மாதம் ஏற்காட்டில் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் முடிந்ததுமே சேலத்தில் எங்களைப் போன்ற கம்ப்யூட்டர் சர்வீஸ்காரர்களுக்கு வேலை கூடிவிடும். 20 கொண்டை ஊசி வளைவிலும் வண்டியை நிறுத்தி எடுத்த படமெல்லாம் "போன்ல இருக்குதுங்க, கம்ப்யூட்டர்ல வரவே மாட்டேங்குது" என்பார்கள்.

வரவில்லை என்றால் எங்கே நிற்கிறது? போனிலிருந்து கிளவுடுக்கு, அதாவது இணையத்தில் படங்களைச் சேமித்து வைக்கும் இடத்துக்கு ஏறவில்லையா, கிளவுடிலிருந்து கம்ப்யூட்டருக்கு இறங்கவில்லையா? பிரவுசரில் கூகுள் போட்டோஸ் அல்லது, ஐபோன் என்றால், ஆப்பிளின் ஐகிளவுட் தளத்துக்குள் நேராக லாகின் செய்து பாருங்கள். படம் அங்கேயே இல்லையென்றால் கம்ப்யூட்டரை நோண்டிப் பயனில்லை, போனைப் பார்க்க வேண்டும்.

ஏறாமல் நிற்பதற்குப் பெரும்பாலும் இடப் பற்றாக்குறைதான் காரணம். கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி, அதிலேயே ஜிமெயிலும் அடக்கம். அளவில்லாமல் ஏற்றிக்கொண்ட காலம் 2021 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. ஆப்பிள் தருவது 5 ஜிபிதான். இடம் இருந்தும் நகரவில்லையா? கொஞ்சம் கணக்குப் போடுங்கள். 20 ஜிபி வீடியோவை 5 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 5 மெகாபிட்) அப்லோடு வேகத்தில் ஏற்றினால், நடுவில் ஒரு தடங்கலும் இல்லாமலேயே ஒன்பது மணி நேரம் ஆகும். இதைப் பழுது என்று சொல்ல முடியாது.

இறங்காத கதை வேறு. கூகுள் போட்டோஸ் படங்கள் கம்ப்யூட்டரில் உள்ள கூகுள் டிரைவ் ஃபோல்டரில் தானாக வந்துகொண்டிருந்ததை 2019 ஜூலையில் நிறுத்திவிட்டார்கள். இன்னும் அந்த ஃபோல்டரைத் திறந்து வைத்துக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஐபோன் படங்களில் இன்னொரு கூத்து. படம் வந்திருக்கும், ஆனால் விண்டோஸில் வெறும் வெள்ளை ஐகானாகத் தெரியும். 2017 முதல் ஐபோன் எடுக்கும் ஹெச்இஐசி வகைப் படம் அது. அதைத் திறக்க உதவும் எக்ஸ்டென்ஷன் என்ற சின்ன இணைப்பு மென்பொருளை மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் போட்டுக்கொண்டால் போதும்.

பழைய டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள், முக்கியமாக இடி மழைக்கு அடிக்கடி கரண்ட் போகிற மலைப் பக்கத்துக்காரர்கள், திரையின் வலது மூலையில் தேதியைப் பாருங்கள். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் மதர்போர்டு என்ற முக்கியப் பலகையில் சிஆர் 2032 என்று ஒரு வட்டச் செல் இருக்கும். கரண்ட் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது தீர்ந்துவிட்டால், கரண்ட் போய் வந்ததும் கம்ப்யூட்டர் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். இணையத்தில் பாதுகாப்பாக இணைய ஒவ்வொரு சர்வரும் ஒரு சான்றிதழைக் காட்டும். அதற்குத் தொடக்கத் தேதியும் முடியும் தேதியும் உண்டு. உங்கள் கம்ப்யூட்டர் கணக்குப்படி அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை, அதனால் இணைப்பை மறுத்துவிடும். படத்தை இறக்க வேண்டிய ஆப்போ காரணம் சொல்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். நெட்காரரைத் திட்டுவதற்கு முன்னால் செல்லை மாற்றுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மாற்றவேண்டும். ஒரு தட்டுவடை செட் சாப்பிடுகிற காசுதான் ஆகும்.

அடுத்தது சி டிரைவ். அது நிரம்பிவிட்டாலும் எதுவும் இறங்காது. உடனே நம்மவர்கள் செய்வது, கம்ப்யூட்டரில் இருக்கும் படங்களை அழிப்பது. தயவுசெய்து அங்கே கை வைக்காதீர்கள். சிங்க் ஆகும், அதாவது கிளவுடோடு எப்போதும் ஒன்றுபோல் வைக்கப்படும் ஃபோல்டரில் அழித்தால் கிளவுடிலும் போகும், போனிலும் போகும். மீட்க ஆப்பிளில் 30 நாள் அவகாசம், கூகுள் போட்டோஸில் ஏறிய படங்களுக்கு 60 நாள். இடம்தான் வேண்டும் என்றால் படத்தின்மேல் ரைட் கிளிக் செய்து 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' கொடுங்கள். அசல் கிளவுடில் இருக்கும், இங்கே பெயர் மட்டும் நிற்கும். பக்கத்தில் மேகப் படம் தெரிந்தால் அது பெயர் மட்டும்தான் என்று அர்த்தம். நெட் இல்லாத நேரத்தில் அதைப் பென்டிரைவில் போட முடியாது.

ஆப்பை எடுத்துவிட்டுத் திரும்பப் போடுவதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் அசல் படங்களை ஒரு வெளி ஹார்ட் டிஸ்கில் காப்பி எடுத்து, நாலைந்தைத் திறந்தும் பாருங்கள்.

எல்லாம் சரிசெய்த பிறகு போனில் புதிதாக ஒரே ஒரு படம் எடுங்கள். அது கம்ப்யூட்டருக்கு வந்து சேர்ந்துவிட்டால், மீதியை ராத்திரி ஓடவிடலாம். மானிட்டரை அணைத்துக்கொள்ளுங்கள், ஆனால் கம்ப்யூட்டர் ஸ்லீப்புக்குப் போகாதபடி செட்டிங்கை மாற்றிவிட்டுப் படுங்கள். அது தூங்கினால் சிங்க்கும் தூங்கிவிடும்.